ஊட்டிதான் அளவுகோல்: சுவிஸ் மலைகளுக்கு வரும் தாத்தா பாட்டியைச் சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டி

அப்பாவும் அம்மாவும் முதல் முறை வந்தபோது, சூரிக்கில் இறங்கிய மூன்றாம் நாளே அவர்களைப் பனிமலை மேலே இருக்கும் ரயில் நிலையமான யுங்ஃபிராவ்யோக்குக்குக் கூட்டிப்போய்விட்டேன். வானம் பளிச்சென்று இருந்தது, டிக்கெட்டும் கிடைத்தது, அப்புறம் என்ன என்று நினைத்தேன். மேலே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே அம்மாவுக்குத் தலைச்சுற்றல், குமட்டல். கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தவர், கீழே இறங்கும் வரை எழவே இல்லை. ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாற்றை அவர் பார்த்ததெல்லாம் கண்ணாடி வழியாக, அதுவும் தலையைப் பிடித்துக்கொண்டு. அப்பா "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே மூச்சு வாங்கினார். திரும்பும் வழியில் பள்ளத்தாக்கு ஊரான லாட்டர்புருன்னனில் இறங்கி, மணி கட்டிய மாடுகள் மேய்வதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. "இங்கேயே உக்காந்திருக்கலாமே, எதுக்கு அவ்வளவு மேலே?" என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு முறை வந்துவிட்டார்கள். என் மாமனார் மாமியாரும் ஒரு முறை வந்து போனார்கள். நாங்கள் இருப்பது தூன் பக்கம், பெர்னர் ஓபர்லாந்து மலைகளுக்கு வாசல் மாதிரி. ஆகவே கீழே சொல்லும் இடங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை. நீங்கள் லூசர்ன் பக்கமோ வாலிஸ் பக்கமோ இருந்தால் மலையின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில்: எந்த மாதம், என்ன காகிதம்

விசா சங்கதியை நீட்டப்போவதில்லை. ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அழைக்கிற உங்களிடம் 30,000 ஃபிராங்குக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழிப் படிவத்தைக் கேட்கக்கூடும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். இதில் மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். மலிவான காப்பீடுகள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறுக்கு ஆகும் செலவைத் தரமாட்டார்கள். நம் பெற்றோருக்கு வரக்கூடியது அதுதானே! மலையிலிருந்து மீட்டு இறக்கும் செலவும் அதில் சேருமா என்று கேட்டு வாங்குங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதிதாக வந்தவர்கள் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் மே மாதம் வெயில் கொளுத்துகிறது, அதனால் மே மாதமே வாருங்கள் என்று டிக்கெட் போட்டுவிடுவோம். பள்ளத்தாக்கில் மே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பல ரோப் கார்களையும் மலை ரயில்களையும் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். நவம்பரிலும் இதே கதை. 'ரெவிசியோன்' என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தால் அன்றைக்கு அந்த மலை கிடையாது என்று அர்த்தம். ஜூலை, ஆகஸ்டில் எல்லாம் ஓடும், கூடவே கூட்டமும் மதிய இடிமழையும் இருக்கும். என் ஓட்டு செப்டம்பருக்கு. காற்று தெளிவாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், மேய்ச்சலுக்கு மேலே போன மாடுகளைப் பூமாலை சூட்டி ஊருக்கு இறக்கிக்கொண்டு வருவதும் அந்தப் பருவத்தில்தான். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும் என்பது ஒன்றுதான் குறை.

அப்புறம்: முதல் வாரம் சும்மா இருங்கள்

கோடையில் நமக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். வந்த புதிதில் அவர்கள் அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து, நம்மை எழுப்பக்கூடாது என்று இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பால், காபித்தூள், அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்பதை முதல் இரவே காட்டிவிடுங்கள். மாலை ஏழு மணிக்குத் தலை தொங்கும். இது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சரியாகும் வரை இந்தப் பழக்கத்தை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஊரே தூங்கும்போது ஏரிக்கரையில் ஒரு நடை போய்வரலாம். மலையில் வானம் தெளிவாக இருப்பதும் காலையில்தான்.

முதல் வாரத்தில் மஞ்சள் நிற போஸ்ட் பஸ்ஸில் பக்கத்து ஊருக்குப் போய்வருவது, பேத்தியின் பள்ளிக்கூட வாசல், கடை, நூலகம், இவை போதும். அந்த நாட்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எத்தனை படி ஏறியதும் நிற்கிறார்கள், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை தேடுகிறார்கள், இறக்கத்தில் முழங்கால் வலிக்கிறதா? கேட்டால் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். என் அப்பா களைத்துவிட்டால் திடீரென்று போட்டோ எடுக்க ஆரம்பிப்பார். அது தெரிய எனக்கு ஒரு முழுப் பயணம் ஆனது.

உயரத்தை ஊட்டியால் அளப்பது

மீட்டர் கணக்கில் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. ஊட்டி என்றால் எல்லோருக்கும் புரியும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆகவே முதல் கேள்வி: "ஊட்டி போனப்ப எப்படி இருந்தது? தொட்டபெட்டா ஏறினீங்களா? மூச்சு வாங்குச்சா?" கடைசியாகப் போனது முப்பது வருஷத்துக்கு முன்னால் தேனிலவுக்கு என்றால் அந்தப் பதில் உதவாது. சமீபத்தில் போயிருந்தால் அதுவே நல்ல தகவல்.

இனி இங்குள்ள உயரங்களைப் பாருங்கள். இன்டர்லாக்கனும் தூனும் 560 மீட்டர் சொச்சம். லாட்டர்புருன்னன் 795, கிரிண்டல்வால்ட் 1,034. இவையெல்லாம் ஊட்டியில் பாதி உயரம்கூட இல்லை. ஹார்டர் கூல்ம் 1,322. லூசர்ன் பக்கத்து ரிகி 1,798. நீசன் மலை உச்சி 2,362, இது ஊட்டிக்குக் கொஞ்சம் மேலே. டிட்லிஸ் உச்சி நிலையம் சுமார் 3,020, கோர்னர்கிராட் 3,089, யுங்ஃபிராவ்யோக் 3,454. அதாவது யுங்ஃபிராவ்யோக் என்பது ஊட்டியின் தலைக்கு மேல் இன்னும் 1,200 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும்.

2,500 மீட்டரைத் தாண்டினால் உயர நோய் யாருக்கும் வரலாம், வயதுக்கு அதில் பெரிய பங்கில்லை. ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர்களுக்கு அந்தக் குறைந்த காற்று கூடுதல் சுமை. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், கட்டுக்கு வராத ரத்த அழுத்தம் உள்ளவர், ஆஸ்துமாவோ நாள்பட்ட இருமலோ உள்ளவர் என்றால், ஊரில் கிளம்பும் முன்பே அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். "சுவிட்சர்லாந்து போறோம்" என்று மட்டும் சொன்னால் அவர் "சந்தோஷமா போய்ட்டு வாங்க" என்பார். "3,400 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி நேரத்தில் ரயிலில் ஏறப்போகிறோம்" என்று சொல்லச் சொல்லுங்கள். பதில் மாறும்.

படிப்படியாக ஏறும் வரிசை

முதலில் தண்ணீர். தூன் ஏரியில் தூனிலிருந்து இன்டர்லாக்கன் வரை படகு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போகும். ஏற வேண்டியதும் இறங்க வேண்டியதும் இல்லை. உள்ளேயே கழிப்பறை, சுற்றிலும் மலை. 1906ஆம் ஆண்டின் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் ப்ளூம்லிஸாப் ஓடும் நாளாகப் பார்த்துப் போனால், எஞ்சின் வேலை செய்வதை மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். அப்பா மலையைப் பார்க்கவே இல்லை, எஞ்சினையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்து பள்ளத்தாக்கு. லாட்டர்புருன்னன் தெருவில் நின்றபடியே 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாப்பாக் அருவியைப் பார்க்கலாம். அருவிக்குப் பின்னால் போகும் பாதையில் படிகள் உண்டு, ஈரம் உண்டு, அது பேரனுக்கு. பாட்டிக்குக் கீழே பெஞ்சு. அங்கிருந்து ட்ரும்மல்பாக் வரை பஸ் இருக்கிறது. மலைக்குள்ளேயே விழும் பத்து அருவிகள், உள்ளே லிஃப்ட்டும் உண்டு. லிஃப்ட் என்றதும் படி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். லிஃப்டை விட்டு இறங்கிய பிறகு வழுக்கும் படிகள் நிறைய. நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளை உள்ளே விடுவதும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களை நான் கூட்டிப்போக மாட்டேன்.

இன்டர்லாக்கனிலிருந்து லாட்டர்புருன்னன் போகும்போது ஒரு விஷயம். அந்த ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரிண்டல்வால்டுக்கு. எந்தப் பெட்டி எங்கே போகும் என்று நடைமேடைப் பலகையிலும் பெட்டியிலும் போட்டிருக்கும். நாங்கள் தள்ளுவண்டிக்கு இடம் தேடி ஒரு பெட்டியில் ஏறினோம், அப்பாவும் பெரியவனும் ஜன்னலோரம் தேடி வேறு பெட்டியில் ஏறினார்கள். ஸ்வைலூட்ஷினனில் அவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே பிரிந்து போனார்கள். ஒன்றும் ஆகவில்லை. எட்டு வயதுப் பேரன் கிரிண்டல்வால்டில் யாரிடமோ ஜெர்மனில் கேட்டு, தாத்தாவைப் பத்திரமாக அடுத்த ரயிலில் திருப்பிக் கூட்டிவந்தான். இன்றுவரை அப்பா ஊரில் எல்லோரிடமும் சொல்லும் சுவிஸ் கதை அதுதான். ஆனாலும் எல்லோர் கைபேசியிலும் உள்ளூர் சிம் அல்லது ரோமிங் இருக்கட்டும். வீட்டு விலாசமும் உங்கள் எண்ணும் எழுதிய ஒரு சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, விஞ்ச். பழனிக்குப் போனவர்களுக்குச் சாய்வு ரயிலை விளக்கவே வேண்டாம், "பழனி விஞ்ச் மாதிரி" என்றால் முடிந்தது. இன்டர்லாக்கனிலிருந்து ஹார்டர் கூல்முக்குப் பத்து நிமிட விஞ்ச். மேலே இரண்டு ஏரிகளும் எதிரே ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்று சிகரங்களும் ஒன்றாகத் தெரியும். பலருக்கு இதுவே போதும். உண்மையில் சிகரத்தின் மேல் நின்றால் அந்தச் சிகரம் தெரியாது, தள்ளி நின்றால்தான் தெரியும்.

நான்காவது, நீசன். முலனன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 1910இல் திறந்த விஞ்ச். நடுவில் ஒரு முறை வண்டி மாற வேண்டும். தண்டவாளத்தை ஒட்டியே 11,674 படிகள் இருக்கின்றன. பழனிப் படிகள் எழுநூறுகூட இல்லை என்று அப்பா கணக்குப் போட்டுப் பார்த்து, "இங்கே யாரு வேண்டுதலு வெச்சாங்க?" என்று கேட்டார். அவை பணியாளர்களுக்கான படிகள், வழக்கமாகப் பொதுமக்களை விடுவதில்லை. இந்த விஞ்ச் குளிர்காலத்தில் ஓடாது. நீசனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்து, தலைவலி எதுவும் இல்லாமல் இறங்கினார்கள் என்றால் அடுத்த படியைப் பற்றிப் பேசலாம். இங்கேயே முகம் வெளுத்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லூசர்ன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ரிகி வரும். லூசர்னிலிருந்து படகில் வீட்ஸ்நாவ், அங்கிருந்து 1871இல் திறந்த பல்சக்கர ரயில். ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அதுதான். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அந்தப் பல்சக்கரம் பரிச்சயம். மேட்டுப்பாளையம் பாதையில் ஓடிய பழைய நீராவி எஞ்சின்கள் இங்கே வின்டர்தூரில் செய்து அனுப்பியவை என்று சொன்னால் தாத்தாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டிக்கெட்: இதில் சேமித்தால்தான் மற்றதெல்லாம்

அப்பா எந்த விலையைப் பார்த்தாலும் உடனே நூறால் பெருக்குவார். இப்போதைய நிலவரத்தில் அது குறைத்துப் போட்ட கணக்கு. ஒரு டீ ஐந்நூறு ரூபாயா என்று ஆரம்பித்தால் அன்றைய நாள் அவ்வளவுதான். அதனால் டிக்கெட்டை வீட்டிலேயே செயலியில் எடுத்துவிடுங்கள், டீயை ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் இரண்டு அட்டைகள் உண்டு. ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். ரயில், பஸ், படகு எல்லாம் அதில் அடங்கும், ரிகிகூட. ஐந்து நாளில் நாட்டையே சுற்றுபவர்களுக்கு அது சரி. ஒன்றிரண்டு மாதம் தங்கி வாரத்துக்கு இரண்டு நாள் வெளியே போகிறவர்களுக்கு ஒரு மாத ஸ்விஸ் ஹாஃப் ஃபேர் கார்டுதான் கட்டுப்படி ஆகும். பெரிய மலைகளில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். யுங்ஃபிராவ்யோக்குக்கு டிராவல் பாஸில் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரை இலவசம், அதற்கு மேல் கால் பங்குதான் தள்ளுபடி. ஹாஃப் ஃபேர் கார்டில் வழி முழுக்கப் பாதி விலை. கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக் கட்டணம் ஒருவருக்கு 200 ஃபிராங்கைத் தாண்டும் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. நாள் முன்பே தெரிந்தால் 'ஷ்பார்டாகஸ்கார்ட்ட' என்கிற சேமிப்பு நாள் சீட்டையும் பாருங்கள். ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும், சீக்கிரம் வாங்கினால் மலிவு.

பிள்ளைகளுக்கு ஆறு வயது வரை டிக்கெட் வேண்டாம். ஆறிலிருந்து பதினாறு வரை வருஷத்துக்கு 30 ஃபிராங்க் யூனியர் கார்ட்ட இருந்தால் அப்பாவோ அம்மாவோ கூட வரும்போது இலவசம். 'கூட வரும்போது' என்பதைக் கவனிக்க வேண்டும். தாத்தாவோடு மட்டும் பேரன் போனால் அந்த அட்டை செல்லாது. அதற்குக் கிண்டர் மிட்ஃபார்கார்ட்ட என்று தனி அட்டை உண்டு. இதுவும் 30 ஃபிராங்க்தான். தாத்தாவும் பேரனும் தனியாக ஒரு நாள் போகட்டும் என்று நினைப்பவர்கள் இதை வாங்கிவைப்பது நல்லது. நான் நினைக்கச் சொல்கிறேன். மொழி தெரிந்த பேரன், உலகம் தெரிந்த தாத்தா, பக்கத்து ஊர் வரை ஒரு ரயில். அதற்கு நீங்கள் தேவையே இல்லை.

வெளியே போகும் நாள் எப்படி இருக்க வேண்டும்

முதல் நாள் இரவு மீட்டியோஸ்விஸ் செயலியில் வானிலை பாருங்கள், காலையில் அந்த மலையின் வெப்கேமராவைப் பாருங்கள். வெப்கேமராவில் வெறும் வெள்ளை தெரிந்தால் போக வேண்டாம், பணம்தான் வீண். கீழே மூட்டமாக இருக்கிறது என்று பயப்படவும் வேண்டாம். நவம்பர் முதல் பள்ளத்தாக்கை மூடும் மூடுபனிக்கு மேலே 1,500 மீட்டரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு இடம். இரண்டாவது இடம் 'வழியில்தானே இருக்கிறது' என்று தோன்றும்போதுதான் எல்லாம் கெடும். காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பி, மதியச் சாப்பாட்டை மேலேயே முடித்து, மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினால் இடிமழைக்கும் கூட்டத்துக்கும் தப்பலாம். ரயில் மாறும்போது செயலி நான்கு நிமிட இணைப்பைக் காட்டும். நடைமேடை மாறி, சுரங்கப்பாதை இறங்கி, ஏறி... வேண்டாம். அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் போங்கள். நடுவில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம், இந்த மூன்றும் மலைக்குத் தோதான சாப்பாடு. ரயிலில் சாப்பிடுவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. உணவக மேசையில் உட்கார்ந்து நம் டப்பாவைத் திறப்பதுதான் கூடாது.

கழிப்பறை விதி: ரயிலில் இலவசம், பெரிய நிலையங்களில் காசு. இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே ரயிலிலேயே போய்வரச் சொல்லுங்கள். ஆனால் சின்ன மலை ரயில்கள் பலவற்றிலும் விஞ்சிலும் கழிப்பறையே இருக்காது. நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்குப் பயந்து காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவார்கள். உயரத்தில் அது இன்னும் ஆபத்து. தண்ணீரைக் குறைக்காதீர்கள், மாத்திரை நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவோரத் தொட்டியில் கொட்டும் தண்ணீரைக் குடிக்கலாம். 'கைன் டிரிங்க்வாஸர்' (குடிநீர் அல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் கூடாது.

களைப்பைப் பற்றி இன்னொன்று. "கால் வலிக்குதாப்பா?" என்று கேட்காதீர்கள். "எனக்குக் கால் வலிக்குது, கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேளுங்கள். உடனே உட்காருவார்.

உடுப்பு

உயரே போகப் போக ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும். இன்டர்லாக்கனில் 25 டிகிரி அடித்தால் யுங்ஃபிராவ்யோக்கில் ஐந்தாறு டிகிரி, காற்று அடித்தால் அதுவும் இல்லை. அம்மா புடவையை விடமாட்டார், நானும் கேட்பதை விட்டுவிட்டேன். உள்ளே தெர்மல் கால்சட்டை, கம்பளிச் சாக்ஸ், அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ, மேலே தடித்த ஜாக்கெட், புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் கட்டுவது. இந்தக் கோலத்தில் அவர் கோர்னர்கிராட் வரை போய்வந்துவிட்டார். செருப்பு மட்டும் எந்த மலைக்கும் கூடாது. குரங்குக் குல்லாவைப் பார்த்துப் பேரன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காது மூடியிருக்கிறதே!

கறுப்புக் கண்ணாடி அவசியம். பனியில் படும் வெயில் கண்ணுக்குத் திரும்பி வரும், புற ஊதாக் கதிரும் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல் கூடும். கண்புரை அறுவை செய்தவர்களுக்கு நல்ல கண்ணாடியாகவே வாங்கிக் கொடுங்கள். விஞ்சிலும் ரோப் காரிலும் காது அடைக்கும், ஆளுக்கொரு புளிப்பு மிட்டாய் போதும்.

பெரிய மலைக்குப் போகும் நாள்

நீசனைத் தாண்டிய பிறகும் ஆசை இருந்தால் மட்டும் இது. ஆசை அவர்களுக்கா உங்களுக்கா என்று ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

யுங்ஃபிராவ்யோக் ரயில் 1912இல் திறந்தது. ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம் அங்கேதான். 2020இல் வந்த ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் காரில் போனால் கிரிண்டல்வால்டிலிருந்து கால் மணி நேரத்தில் ஐகர்கிளெட்ஷர், அங்கிருந்து ரயிலில் அரை மணிக்குள் உச்சி. எங்கள் முதல் பயணத்தில் அம்மாவைக் கெடுத்தது இந்த வேகம்தான். இப்போது நான் யாரைக் கூட்டிப்போனாலும் ஏறும்போது பழைய வழி: லாட்டர்புருன்னன், வெங்கன், 2,061 மீட்டரில் கிளைன ஷைடெக். அங்கே ஒரு மணி நேரம் உட்காருவோம். ஒரு மணி நேரத்தில் உடம்பு உயரத்துக்குப் பழகிவிடாதுதான், ஆனால் யார் எப்படி இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். யாருக்காவது தலை வலித்தால் அவரோடு ஒருவர் அங்கேயே இருந்துவிட வேண்டும். ஐகர் எதிரிலேயே நிற்கிறது, அதைவிட என்ன வேண்டும்? ரோப் காரை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் உச்சி ரயிலுக்கு இருக்கையை முன்பே பதிவு செய்வது நல்லது, நிற்கிற வரிசை பெரியவர்களுக்கு ஆகாது.

மேலே இரண்டு மணி நேரம் போதும். மெதுவாக நடக்கச் சொல்லுங்கள், குனிந்து திடீரென்று நிமிர வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். ஸ்பிங்க்ஸ் என்கிற பார்வை மாடத்துக்கு லிஃப்ட் உண்டு. பனி அரண்மனைத் தரை வழுக்கும், கைப்பிடியை விடக்கூடாது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், எது வந்தாலும் மருந்து ஒன்றுதான்: அடுத்த ரயிலில் கீழே. டிக்கெட் விலையை நினைத்து இன்னும் அரை மணி நேரம் என்று இழுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் பெரியவர்களுக்கு யுங்ஃபிராவ்யோக்கைவிட கோர்னர்கிராட் மேல். செர்மாட்டில் சுமார் 1,600 மீட்டரில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் ஏறலாம். யுங்ஃபிராவ்யோக் மாதிரி நீளமான சுரங்கம் கிடையாது, 33 நிமிடப் பயணத்தில் பெரும்பாலும் மாட்டர்ஹார்ன் சிகரம் ஜன்னலில் தெரியும். மேலே போனதும் பெஞ்சில் உட்கார்ந்தால் காட்சி எதிரே. செலவு கூடும், விடுதிக்கும் சேர்த்து.

கைவசம் இருக்க வேண்டியவை

ஆம்புலன்ஸ் 144, மலை மீட்பு ஹெலிகாப்டரான ரேகாவுக்கு 1414, பொதுவான அவசர எண் 112. நீங்கள் சந்தா கட்டி ரேகாவின் குடும்ப ஆதரவாளராக இருந்தாலும் அது ஊரிலிருந்து வந்த பெற்றோருக்குச் சேராது. அவர்கள் காப்பீட்டுச் சீட்டின் படம் உங்கள் கைபேசியில் இருக்கட்டும். மாத்திரைகளின் வணிகப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, மூலப்பொருளின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதிவையுங்கள். இன்சுலினைக் குளிரில் உறையவிடக்கூடாது, உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் ஒழுங்காக வேலை செய்யாது.

கடைசி வாரத்தைக் காலியாக விடுங்கள். மழையால் தள்ளிப்போன ஒரு மலை அதில் வந்து உட்காரும், இல்லாவிட்டால் ஏரிக்கரை இருக்கிறது. சாக்லேட் வாங்குவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம், பெரிய ரயில் நிலையக் கடைகளைத் தவிர மற்றவை மூடியிருக்கும். பெட்டியை எடை போட்ட பிறகு இன்னொரு முறை திறந்து பாருங்கள். போன தடவை அப்பா யாருக்கும் சொல்லாமல் ஒன்றரைக் கிலோ மாட்டு மணி ஒன்றை வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்தார்.